நீரிறைப்பிலும் அடுப்பிலும் எரிபொருட் சிக்கனம்

கமக்காரர் ஒருவர் தமது போகத்தின் வரவு செலவைக் கணக்கிடும்போது விதை, பசளை, கிருமிநாசினி, கூலி என்பவற்றை மறவாது எழுதுவார். மண்ணெண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் விறகுக்கும் செல்லும் பணத்தை அவ்வாறு எழுதி வைப்போர் சிலரே. அப்பணம் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செல்வதால் அது கண்ணிற் படுவதில்லை. எனினும் கிணற்று நீரை நம்பி வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை முதலியவற்றைச் செய்கைபண்ணும் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில், கோடைகால இறைப்புச் செலவே ஆதாயத்தை நட்டமாக்கிவிடக் கூடும். ஆகவே எரிபொருள் எங்கே செலவாகின்றது, அதனை விளைச்சல் குறையாமற் சுருக்குவது எங்ஙனம் என்பவற்றைக் கமக்காரரும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நன்று.

துலாவினால் நீர் இறைத்த காலத்தில் இதனை ஒருவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், பாத்திக்கு நீர் மாறுபவர் ஆகியோர் சேர்ந்து விடியுமுன் தொடங்கி உழைத்தனர். ஒவ்வொரு பட்டை நீருக்கும் எவ்வளவு வியர்வை சிந்தவேண்டுமென்பதை அவர்கள் உடலே அறிந்திருந்தது. அதனால் வாய்க்கால் உடைந்து நீர் வீணாகுமாயின் உடனே கூக்குரல் எழும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வுழைப்பு நீங்கியது. அது பெரும் நன்மையே. ஆனால் உழைப்போடு அக்கவனமும் நீங்கியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, நீர் எங்கே செல்கின்றதென்று பாராமல் இருப்பது பல தோட்டங்களிற் பழக்கமாகிவிட்டது.

எரிபொருள் எக்காலமும் தடையின்றிக் கிடைக்குமென நம்பியிருத்தலும் தகாது. 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரமும் எரிபொருளும் வருவது தடைப்பட்டது. ஜாம் போத்தலினுள் சிறிது பஞ்சையும் சில துளி மண்ணெண்ணெயையும் இட்டு விளக்கெரித்த அந்நாட்களை நடுத்தர வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருட் பஞ்சம் உண்டாயிற்று. அவ்வாண்டு சில நாட்களில் மின்வெட்டு பத்து மணித்தியாலத்துக்கும் மேல் நீடித்தது. ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. குறைந்த எண்ணெயுடன் பயிரைக் காக்கத் தெரிந்திருந்தவர்கள் அவ்வாண்டில் ஓரளவு தப்பினர். பஞ்சம் வந்தபின் கற்பதிலும் வருமுன் பழகிக்கொள்வதே மேல்.

சக்தி செலவாகும் இடங்கள்

கமக்காரர் வீட்டிலும் தோட்டத்திலும் செலவாகும் சக்தியின் பெரும்பங்கு இரண்டு வேலைகளுக்கே செல்கின்றது. ஒன்று நீரை உயர்த்துதல். மற்றது நீரைச் சூடாக்குதல். தோட்டத்தில் கிணற்றிலிருந்து நீரை மேலே கொணருகின்றோம். வீட்டில் சோறு, கறி, தேநீர், நெல் அவித்தல், குளிக்கும் வெந்நீர் ஆகிய எல்லாவற்றிலும் நீரையே சூடாக்குகின்றோம். ஆகவே எரிபொருட் சிக்கனமென்பது பெரும்பாலும் நீர்ச் சிக்கனமே என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இவ்விரு வேலைகளுக்கும் தேவைப்படும் சக்தியின் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 8 மீற்றர் ஆழத்திலிருந்து 20,000 லீற்றர் நீரை உயர்த்துவதற்கு, நல்ல நிலையிலுள்ள மின்மோட்டர் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரத்தையே எடுக்கும். சாதாரண வெப்பநிலையிலுள்ள 13 லீற்றர் நீரை மின்னடுப்பிற் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கும் ஏறத்தாழ ஓர் அலகு செலவாகும். கால் ஏக்கர் தோட்டத்தை ஒருமுறை நனைக்கும் நீரை உயர்த்தும் சக்தியும் ஒரு குடத்துக்குச் சற்றுக் கூடிய நீரைக் கொதிக்கவைக்கும் சக்தியும் ஒன்றே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். தோட்டத்தில் ஒரு லீற்றருக்கு ஆகும் செலவு அற்பமே. ஆனால் இறைக்கும் நீர் பல்லாயிரம் லீற்றராதலின், தேவைக்கு மேல் இறைப்பதே அங்கு நட்டத்துக்குக் காரணமாகின்றது. அடுப்பிலோ ஒவ்வொரு கோப்பையும் கணக்கிற்குரியது. ஆகையால் தோட்டத்தில் மணிக்கணக்கையும் அடுப்பிற் கோப்பைக் கணக்கையும் கவனித்தல் வேண்டும்.

பயிருக்கு வேண்டிய நீரின் அளவு

கடும் வெயிலும் காற்றும் உள்ள மாதங்களில் நன்கு வளர்ந்த மரக்கறிப் பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரைச் செலவிடும் எனக் கொள்ளலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயர நீர் நிற்பின் அது ஒரு லீற்றராகும். கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். ஆகவே அந்நிலத்துக்கு நாளொன்றுக்கு 5,000 லீற்றரும், நான்கு நாட்களுக்கொருமுறை இறைப்பதாயின் ஒவ்வொரு முறையும் 20,000 லீற்றரும் போதும். இளம்பயிருக்கும் மேகமூட்டமான நாட்களிலும் இதனிற் குறைந்த நீரே தேவை.

அடுத்து, தங்கள் இயந்திரம் நிமிடத்துக்கு எவ்வளவு நீரைத் தருகின்றதென்பதைக் கமக்காரர் அளந்தறிதல் வேண்டும். 200 லீற்றர் கொள்ளும் பரல் ஒன்றை நீர் விழும் இடத்தில் வைத்து, அது நிரம்ப ஆகும் நேரத்தைக் கடிகாரத்திற் பார்க்க. 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லீற்றர் வருகின்றது. அவ்வாறாயின் மேற்கூறிய 20,000 லீற்றரை இறைக்க 67 நிமிடங்கள் போதும். வாய்க்காலிற் காற்பங்கு நீர் இழக்கப்படுமாயினும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. அதே தோட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் இறைப்பவர் ஒவ்வொரு முறையும் அரை மணித்தியால எண்ணெயை வீணாக்குகின்றார். ஒரு போகத்தில் 20 முறை இறைப்பதாகக் கொள்வோமாயின் அது 10 மணித்தியாலமாகும். தங்கள் இயந்திரம் மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்ணெய் எடுக்கின்றதென்பதை, தாங்கியை நிரப்பி ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, மீண்டும் நிரப்புகையில் ஊற்றும் அளவைக்கொண்டு அறியலாம். அதனைப் பத்தாற் பெருக்கி அன்றைய விலையாற் பெருக்கினால் நட்டம் எவ்வளவென்பது தெளிவாகும்.

குறித்த நாள் வந்துவிட்டதென்பதற்காக மட்டும் இறைத்தலும் கூடாது. பயிரின் அடியில் ஒரு சாண் ஆழத்திலுள்ள மண்ணை எடுத்துக் கையிற் பிடித்துப் பார்க்க. அது உருண்டையாகத் திரண்டு கையிற் குளிர்ச்சியாயிருப்பின் இறைப்பை ஒரு நாள் பிற்போடலாம். திரளாமல் உதிருமாயின் இறைக்க வேண்டும். பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் மாத்திரம் பயிர் வாடும்வரை பொறுத்திருத்தலாகாது.

நீரை மண்ணில் நிறுத்துதல்

இறைத்த நீர் பயிரின் வேரடியில் நீண்டநாள் நிற்குமாயின் அடுத்த இறைப்பைத் தள்ளிப்போடலாம். வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவிற் கீழே விட்டுவிடும் இயல்புடையது. அதன் நீர்ப்பிடிப்பைக் கூட்டுவதற்கு இயற்கைப் பசளையே தக்க வழி. எருவும், பூவரசு, வாகை, சீமைக்கிளுவை முதலியவற்றின் குழையும் புதைக்கும் வழக்கம் நம்முன்னோர் காலந்தொட்டு வந்ததாகும். இது பசளைக்காக மாத்திரமன்றி நீருக்காகவும் செய்யப்படுவதென்பதை மறத்தலாகாது. வேலியோரத்திற் சீமைக்கிளுவையை நெருக்கமாக நட்டுவைப்பின் குழையும் கிடைக்கும். காற்றின் வேகமும் தணியும். காற்றுத் தணியின் நீர் ஆவியாவதும் குறையும்.

பாத்தியின் மேல் வைக்கோல், காய்ந்த சருகு, சிறு துண்டுகளாக நறுக்கிய பனையோலை முதலியவற்றை நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் வெயில் நேரே மண்ணிற் படாது. களையும் குறையும். நெல் வெட்டியபின் வயலில் வைக்கோலை எரிப்பது பெருந்தவறாகும். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பங்கு வைக்கோலிலேயே உள்ளது. அதனை எரிக்காது தோட்டத்துக்குக் கொணர்ந்து பரப்பினால் நீரும் மிஞ்சும், மண்ணும் வளம்பெறும். நண்பகலில் இறைப்பதைத் தவிர்த்து அதிகாலையிலோ மாலையிலோ இறைத்தலும் நன்று.

வாய்க்காலின் இழப்பு

கிணற்றடியிலிருந்து கடைசிப் பாத்திவரை மண் வாய்க்காலிற் செல்லும் நீரின் ஒரு பகுதி இடையிலேயே மண்ணுட் சென்றுவிடுகின்றது. மூன்றிலொரு பங்கு இவ்வாறு இழக்கப்படுமாயின், பயிருக்கு இரண்டு பங்கு சேர்ப்பதற்கு மூன்று பங்கு இறைக்க வேண்டியதாகின்றது. எண்ணெய்ச் செலவு ஒன்றரை மடங்காகும். தலைவாய்க்காலைச் சிமெந்தினாற் கட்டுதல் நிலையான பரிகாரம். அதற்கு வசதியில்லாதோர் சுருட்டிவைக்கக்கூடிய பிளாஸ்திக் குழாய் மூலம் நீரைப் பாத்திக்கே கொண்டுசெல்லலாம். அதுவும் இயலாதவிடத்து வாய்க்காலைக் குறுகலாக வெட்டி, புல்லை அகற்றி, களிமண் கொண்டு அடித்து இறுக்குதல் வேண்டும். தூரத்திலுள்ள பாத்திகளுக்கு முதலிலும் கிட்டவுள்ளவற்றுக்குப் பின்னரும் நீர் விடுவதும் உதவும். இயந்திரத்தை நிறுத்தியபின் வாய்க்காலில் நிற்கும் நீர் கிட்டவுள்ள பாத்திகளுக்குப் பயன்படும்.

சொட்டுநீர்ப் பாசனம் செய்ய இயலுமானவர்கள் அதன் வடிகட்டியை ஒழுங்காகக் கழுவிவருதல் வேண்டும். குடாநாட்டு நீரிற் சுண்ணாம்பு மிகுதியாதலால் சொட்டுத்துளைகள் அடைபடுதல் இயல்பு. அடைபட்ட குழாய்களினூடே நீரைத் தள்ளுவது வீண்செலவேயாகும்.

இயந்திரமும் குழாயும்

இயந்திரம் புதிதாயிருப்பினும் அதனைத் தக்கவாறு அமைக்காவிடின் எண்ணெய் வீணாகும். பின்வருவனவற்றைக் கவனிக்க:

1. நீர்மட்டத்துக்கும் பம்பிக்குமிடையே உள்ள உறிஞ்சு உயரம் 6 மீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று. அதற்கு மேற்படின் நீர் குறையும். 7½ மீற்றரைக் கடந்தால் பெரும்பாலும் நீரே வராது. மின்மோட்டராயின் கிணற்றின் உட்பக்கத்தில், மாரிகால நீர் எட்டாத உயரத்தில், திண்ணையமைத்துத் தாழ்த்தி வைக்கலாம்.

2. மண்ணெண்ணெய் இயந்திரத்தையோ பெற்றோல் இயந்திரத்தையோ எக்காரணங்கொண்டும் கிணற்றினுள் இறக்கி ஓடவிடலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. கிணற்றில் இறங்குபவரைச் சில நிமிடங்களிற் கொல்லவல்லது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டுபோக நேரிடும்.

3. குழாய் சிறுத்தால் உராய்வு பெருகும். ஒன்றரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக இரண்டு அங்குலக் குழாய் பூட்டினால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறையும். தேவையற்ற வளைவுகளையும் நீக்குக.

4. நீர் விழும் குழாயின் வாயை, தொட்டியின் விளிம்புக்கு மேல் வேண்டுமளவுக்கு மட்டும் உயர்த்துக. அதற்கு மேலுள்ள ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு நாளும் வீணே ஏறும் உயரமாகும்.

5. உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள அடிவால்வு ஒழுகுமாயின் இயந்திரம் காற்றை இழுக்கும். இறைப்பை நிறுத்தியவுடன் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்குத் திரும்பிவிடின் அவ்வால்வைத் திருத்துக.

6. பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை, அது நன்கு சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாகாது. மாற்றினால் எண்ணெய் முழுதாக எரியாமற் கரும்புகை வரும். கரும்புகையெனப்படுவது எரியாது வெளியேறும் எண்ணெயே. காற்று வடிகட்டி, தீப்பொறிச் செருகி, காபரேற்றர் என்பவற்றைப் போகத்துக்கொருமுறையேனும் துப்புரவுசெய்க.

7. வாய்க்கால் தாங்காத வேகத்தில் நீர் வருமாயின் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க. வேகம் கூடும்போது நீர் கூடும் அளவைவிட எண்ணெய்ச் செலவு கூடும் அளவு பெரிது.

கிணற்றுக்கு நேரும் கேடு

மிகையாக இறைப்பதால் எண்ணெய் மட்டுமன்றிக் கிணறும் கெடுகின்றது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையில் மண்ணுட் சென்று சுண்ணாம்புக் கற்களிடையே தங்கும் நன்னீரே ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர்மட்டம் ஓர் அடி நிலையாகத் தாழுமாயின், கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக் கூடுமென்பது நிலத்தடி நீர் பற்றிய கணிப்பாகும். உவரான கிணற்றை மீட்பதற்குப் பல மாரிகள் வேண்டும்.

இரண்டாவது கேடு நைத்திரேற்று. தேவைக்கு மேற்பட்ட நீர் வேரைக் கடந்து கீழ்நோக்கிச் செல்லும்போது யூரியாவிலிருந்து உண்டான நைத்திரேற்றையும் கரைத்துக் கொண்டுசெல்கின்றது. ஒரு மூடை யூரியாவில், அதாவது 50 கிலோகிராமில், 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதிற் பயிர் எடுக்காதது கழுவப்பட்டு, அதே தோட்டக்காரர் வீட்டுக் கிணற்றையும் அயலவர் கிணற்றையும் அடைகின்றது. வலிகாமத்திற் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டதாகும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. மிகுந்தால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு நேரும். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு இன்னுங் கூடும். எனவே அளவோடு இறைப்பவர் தமது எண்ணெயையும் பசளையையும் தமது குழந்தைகளின் குடிநீரையும் ஒருங்கே காக்கின்றார்.

சூரியப் படலங்களால் இயங்கும் பம்பிகளை அமைத்தோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். எண்ணெய்ச் செலவில்லையென்று பகல் முழுவதும் ஓடவிட்டால் கிணறே முதலில் வற்றும். சூரியன் உள்ளபோது தொட்டியை நிரப்பி, மாலையில் அளந்து பாய்ச்சுதலே உரிய முறை.

நெற்செய்கையில்

குளத்து நீர் வாய்க்கால் வழியே தானாகப் பாயும் வயல்களில் இறைப்புச் செலவில்லை. ஆனால் சிறுபோகத்திற் கிணற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ இயந்திரத்தால் நீரேற்றிச் செய்கைபண்ணுவோருக்கு அது பெருஞ்செலவாகும். வரம்புகளை நண்டு, எலி என்பவற்றின் துளைகளின்றி அடைத்து, நிலத்தை நன்கு சேறாக்கி, மட்டமாகப் பலகையடித்தல் முதற்கடமை. மேடுபள்ளமான வயலில் மேட்டை நனைப்பதற்காகப் பள்ளம் முழுவதையும் நிரப்ப வேண்டியதாகின்றது.

நெல்லுக்கு எப்போதும் நீர் நிற்கவேண்டுமென்பது தவறான எண்ணம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிவரும் முறையொன்றில், பக்கங்களிற் துளையிட்ட, ஓரடி நீளக் குழாய் ஒன்று வயலிற் புதைக்கப்படுகின்றது. குழாயினுள்ளே நீர் நிலமட்டத்துக்குக் கீழ் 15 சென்ரிமீற்றருக்குத் தாழும்வரை பொறுத்திருந்து, பின்னர் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர்கட்டுவர். பயிர் வேரூன்றிக் களை அடங்கியபின் இதனைத் தொடங்கலாம். பூக்கும் காலத்துக்கு ஒருவாரம் முன்னும் பின்னும் மாத்திரம் நீர் வற்றவிடலாகாது. குழாய் இல்லாதோர் மூங்கிலைத் துளையிட்டும் பயன்படுத்தலாம். விளைச்சல் குறையாமல் சில இறைப்புக்களை இதனால் மீதப்படுத்தலாம்.

வீட்டில் நெல் அவிப்போர், அவிக்கும்போது நெல் முழுவதும் நீரில் மூழ்கவேண்டியதில்லை என்பதை அறிதல் வேண்டும். ஊறவைத்து வடித்த நெல்லைக் கிடாரத்தில் துளையிட்ட தட்டின்மேல் இட்டு, அடியிற் சிறிதளவு நீரே வைத்து, மேலே நனைந்த சாக்கினால் மூடினால் ஆவியாலேயே நெல் வேகும். குறைந்த நீரைச் சூடாக்குவதால் விறகும் குறையும். குத்தும்போது கிடைக்கும் உமியை எறிந்துவிடாதீர்கள். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியாகும். நிறைக்கு நிறை அது விறகைவிடச் சிறிதே குறைந்த வெப்பத்தைத் தரும். உமியடுப்பில் அதனை எரித்தே அடுத்த நெல்லை அவிக்கலாம்.

அடுப்படியில்

மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏழிலொரு பங்கு பானைக்குச் செல்வதே அரிது. எஞ்சியது புகையாகவும் காற்றோடும் போகின்றது. அப்புகையைச் சுவாசிப்பவர்கள் வீட்டுப் பெண்களும் அவர்கள் மடியிலுள்ள குழந்தைகளுமே. ஆகவே இங்கு சிக்கனம் செய்வது பணத்துக்கு மாத்திரமன்றிச் சுகத்துக்கும் உரியது.

விறகை முன்கூட்டியே பிளந்து, மழைபடாத இடத்தில் அடுக்கிக் காயவைக்க. பச்சை விறகின் நிறையிற் பாதியளவு நீராயிருக்கக் கூடும். அவ்விறகை எரிக்கும்போது முதலில் அந்நீரைக் கொதிக்கவைத்து விரட்டவேண்டியுள்ளது. அதற்கான விறகு வீணே. 1980 களிலிருந்து இலங்கையிற் பரவிய 'அனகி' எனப்படும் இரட்டைவாய் மண்ணடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரங்களைச் சூடாக்குவது. சுற்றிலும் அடைப்புள்ளதால் காற்று வெப்பத்தைக் கொண்டுசெல்லாது. சோறு முன்வாயிலும் கறி பின்வாயிலுமாக வைத்துச் சமைக்கலாம்.

பாத்திரத்தை எப்போதும் மூடிச் சமைக்க. சாதாரண நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைவிட, கொதிக்கும் அதே நீரை முழுவதும் ஆவியாக்குவதற்கு ஏழு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் செலவாகும். மூடாத பானையிலிருந்து எழும் ஆவியோடு நமது விறகும் போகின்றது. நீர் கொதித்தபின் நெருப்பைக் கூட்டுவதால் உணவு விரைவில் வேகாது. நீரின் வெப்பநிலை அதற்குமேல் உயர்வதில்லை. ஆகவே கொதி வந்தவுடன் விறகைப் பின்னிழுக்க. கடலை, பயறு முதலியவற்றை முதல்நாள் இரவே ஊறவைக்க. தேநீருக்கு வேண்டிய கோப்பைகளை அளந்தே கேத்திலில் நீர் விடுக.

நெற்செய்கையாளர் வீட்டில் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதனைக்கொண்டு விறகில்லாமற் சமைக்க ஒரு வழியுண்டு. மரப்பெட்டி ஒன்றிலோ பெரிய கடகத்திலோ வைக்கோலை ஒரு சாண் தடிப்புக்கு நாற்புறமும் இறுக்கி அடைத்து, நடுவிற் பானை நிற்க இடம் விடுக. அரிசியை உரிய அளவு நீருடன் கொதிக்கவைத்து, ஐந்து அல்லது பத்து நிமிடம் கழித்து, மூடியோடு பானையை இறக்கி அதனுள் வைத்து, மேலே வைக்கோல் நிரப்பிய சாக்கினால் மூடிவிடுக. ஒரு மணித்தியாலத்திற் சோறு வெந்திருக்கும். முன்னர் ஊறவைத்த பருப்பு வகைகளை 15 நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் வைக்கலாம். அவற்றை வெளியே எடுத்தவுடன் மறுபடி கொதிக்கவைத்தே உண்ணுக. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் உணவைப் பெட்டியில் விட்டுவைத்தல் ஆகாது. வைக்கோற் பெட்டியை அடுப்பிலிருந்து எட்டவே வைக்க.

வீட்டு மின்சாரம்

1,000 உவாற்று வலுவுள்ள பொருளொன்று ஒரு மணித்தியாலம் இயங்கின் ஓர் அலகு செலவாகும். 60 உவாற்றுப் பழைய மின்குமிழ் இரவில் 5 மணித்தியாலம் எரியின் மாதத்துக்கு 9 அலகாகும். அதற்கு நிகரான ஒளியைத் தரும் 9 உவாற்று எல்.ஈ.டி. மின்குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. அலகுகள் கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் படிப்படியாக உயரும் கட்டணமுறையில், கடைசியாகச் செலவிடும் அலகுகளே மிகுந்த விலையுடையன. ஆகையால் சில அலகுகளைக் குறைப்பதும் பட்டியலில் நன்கு தெரியும்.

நீர்க்குழாயின் ஒழுக்கையும் அலட்சியம் செய்யலாகாது. விநாடிக்கு ஒரு துளி ஒழுகினாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் நீர் மேற்றொட்டியிலிருந்து குறையும். அதனை மோட்டர் மீண்டும் ஏற்றவேண்டும். கழுவிய நீரைக் குழாயமைத்து வாழைக்கும் தென்னைக்கும் விடுவதால் அவற்றுக்கு வேறாக இறைக்கும் வேலை இல்லாமற் போகும்.

முடிவுரை

இங்குக் கூறியவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை; கவனமே வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதியோர் வாக்கு. ஆறில்லாத குடாநாட்டில் அது இன்னும் பொருந்தும். இன்றே ஒரு கொப்பியை எடுத்து, இறைத்த திகதி, இறைத்த நேரம், ஊற்றிய எண்ணெய் அல்லது மானியிற் காணும் அலகு ஆகிய மூன்றையும் எழுதத் தொடங்குக. ஒரு போகம் முடிந்தபின் அக்கொப்பியே தக்க ஆசானாக விளங்கும். பாசன முறை, குழாயின் அளவு, பசளையின் அளவு என்பன பற்றி ஐயமேற்படின் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, விவசாயப் போதனாசிரியரிடம் அக்கொப்பியையும் காட்டி ஆலோசனை பெற்றுக்கொள்க.